நம் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும்

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நம் உயர்நிலைப் பள்ளி வளாகத்தில் நடைபெற்ற பெற்றோர் – ஆசிரியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாவை ஒட்டிக் கோயிலுக்கு வெள்ளையடித்தோம், கொடிமரத்தைப் புதுப்பித்தோம், கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவரில் இடிந்து கிடந்த பகுதியைக் கட்டி முடித்தோம். உங்கள் உழைப்பும் காணிக்கையும் இல்லாமல் இவற்றில் ஒன்றும் நடந்திராது. ஆனால் இன்று உங்களை அழைத்தது கட்டடத்தைப் பற்றிப் பேச அன்று. நம் உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் கற்கும் மொழிகளைப் பற்றி உங்களோடு மனம் திறந்து பேச வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் பங்குப் பேரவைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. வருகிற ஜூன் முதல் ஆறாம் வகுப்பில் தமிழ் வழிப் பிரிவை எடுத்துவிட்டு, இரு பிரிவுகளையும் ஆங்கில வழியாக்கித் தரவேண்டும் என்பது கோரிக்கை. நாற்பதுக்கும் மேற்பட்ட பெற்றோர் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் இப்போது நம் எதிரே அமர்ந்திருக்கிறீர்கள். நீங்கள் கேட்டதில் தவறு ஏதுமில்லை. உங்களுக்கு மறுமொழி சொல்ல வேண்டியது தாளாளர் என்ற முறையில் நம் கடமை. அந்த மறுமொழியைச் சுற்றறிக்கையில் இரண்டு வரியாக அச்சிட்டு அனுப்ப மனம் ஒப்பவில்லை. ஆகவே நேரில் சொல்கிறோம்.

கோரிக்கையின் நியாயம்

விண்ணப்பத்தோடு வந்த ஒரு தாய் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறோம். "சாமி, நாங்கதான் கைநாட்டாப் போயிட்டோம். இதுவாவது நாலு பேரு முன்னால இங்கிலீசுல வாயத் தொறந்து பேசட்டும்" என்றார். அந்தச் சொல்லில் உள்ள வலி நமக்குப் புரியாததன்று. சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போனவர்கள் இந்தப் பங்கில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். மேலாளர் ஆங்கிலத்தில் கேட்டபோது பதில் தெரிந்திருந்தும் சொல்ல வராமல் தலைகுனிந்து நின்ற அனுபவம் அவர்களுக்கு உண்டு. அந்த நிலை தம் பிள்ளைக்கு வரக்கூடாது என்று நினைப்பது பெற்ற மனம்.

அந்த அனுபவம் நமக்கும் உண்டு. நாம் படித்தது முழுக்க முழுக்கத் தமிழ் வழியில். பத்தாம் வகுப்பு எழுதிய 1980-களில் தமிழுக்கு இரண்டு தாள், ஆங்கிலத்துக்கு இரண்டு தாள். ஆங்கிலத்தில் தேறினோம், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினோம். கட்டுரைகளையும் கடிதங்களையும் நிறுத்தற்குறி உட்பட மனப்பாடம் செய்து எழுதி வாங்கிய மதிப்பெண் அது. பின்னர் குருமடத்தில் மெய்யியல் வகுப்பில் போய் உட்கார்ந்தபோதுதான் உண்மை தெரிந்தது. பேராசிரியர் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசுவார். நாம் அவர் சொல்லும் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, இரவில் அகராதியை வைத்துக்கொண்டு அது என்ன சொல் என்று தேடுவோம்.

குருமடத்தில் உணவு வேளையில் ஒருவர் நூல் வாசிக்க, மற்றவர்கள் மௌனமாக உண்பது வழக்கம். ஒருநாள் நம் முறை வந்தது. 'கேயாஸ்' என்று ஒலிக்க வேண்டிய சொல்லை எழுத்தைப் பார்த்தபடியே 'சாவோஸ்' என்று வாசித்துவிட்டோம். உணவறையே சிரித்தது. மௌனம் காக்க வேண்டிய பெரியவர்களும் சிரித்தார்கள். அன்றிரவு பெட்டியைக் கட்டி ஊருக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தோம்.

மறுநாள் வயதான பேராசிரியர் ஒருவர் அழைத்தார். "நேற்றைய பாடம் உனக்கு என்ன புரிந்தது? தமிழிலேயே சொல்" என்றார். சொன்னோம். "பாடம் உனக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. இனி தினமும் புரிந்ததைப் பத்து வரி தமிழில் எழுது. பிறகு அதையே பத்து வரி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வா" என்றார். ஓராண்டு அப்படிச் செய்தோம். இரண்டாம் ஆண்டு வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கும் துணிவு வந்தது. நாம் கற்ற ஆங்கிலம் அந்தத் தமிழ்ப் பத்து வரியின் மேல் நின்று கற்றது. இதைத்தான் இன்று உங்களிடம் விரித்துச் சொல்லப் போகிறோம்.

ஆங்கிலம் கற்பதும் ஆங்கிலத்தில் கற்பதும்

ஆங்கிலம் கற்பது ஒன்று. கணக்கையும் அறிவியலையும் வரலாற்றையும் ஆங்கிலத்தில் கற்பது வேறொன்று. நம் பேச்சில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்து விடுகின்றன. 'இங்கிலீஷ் மீடியம் படித்தால் இங்கிலீஷ் வந்துவிடும்' என்று நம்புகிறோம்.

நம் பள்ளியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1968 ஜனவரி 23 அன்று நிறைவேற்றிய தீர்மானத்தின் வழியில் தமிழ், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளும் நம் மாநிலப் பள்ளிகளில் கற்பிக்கப்பட்டு வருகின்றன. பகுதி ஒன்று தமிழ். பகுதி இரண்டு ஆங்கிலம். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பகுதி ஒன்றில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. ஆகவே தமிழ் வழிப் பிள்ளையும் ஆங்கிலம் படிக்கிறது. ஆங்கில வழிப் பிள்ளையும் தமிழ் படிக்கிறது. இருவருக்கும் மொழிப் பாட நூல்கள் அவையே. வேறுபாடு மற்ற மூன்று பாடங்களில்தான் இருக்கிறது.

அந்த மூன்று பாடங்களும் ஆங்கில வழி வகுப்பில் எப்படி நடக்கின்றன? புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு விளங்க வேண்டுமே என்று ஆசிரியர் தமிழில் விளக்குகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. பிள்ளையின் மேல் உள்ள அக்கறையால் செய்கிறார். பிறகு கேள்விக்குரிய பதில் ஆங்கிலத்தில் குறிக்கப்படுகிறது. பிள்ளை அதை அப்படியே மனப்பாடம் செய்து எழுதுகிறது. இதில் ஆங்கிலத்தில் பேசும் வேளை எது? சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கும் வேளை எது? தேடிப் பார்த்தால் ஒரு நாளில் ஐந்து நிமிடமும் தேறாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் நம்மைப் பார்க்க வந்தார். வேறு ஊர்க்காரர், தொடக்கம் முதல் ஆங்கில வழியில் படித்து, பொறியியல் பட்டமும் பெற்றவர். கோவையில் நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறார். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். பெயரையும் ஊரையும் சொன்னதற்கு மேல் ஒரு வாக்கியம் வரவில்லை. அந்த வருத்தத்தோடு ஊர் திரும்பிய சில மாதங்களில் அவருடைய தந்தை காலமானார். வாரிசுச் சான்று கேட்டு வட்டாட்சியருக்குத் தாயார் பெயரில் ஒரு மனு எழுத வேண்டும். அதைத் தமிழில் எழுதத் தெரியாமல்தான் நம்மிடம் வந்திருந்தார். மேசையில் தாளை வைத்து நாம் சொல்லச் சொல்ல எழுதினார். 'வட்டாட்சியர்' என்ற சொல்லில் வந்த ஐயத்தை நம்மிடம் கேட்டபோது அவர் கண் கலங்கியது. பதினாறு ஆண்டுகள் படித்த பிள்ளைக்கு இரண்டு மொழியிலும் தன் காரியத்தைச் சொல்லிக்கொள்ள வகையில்லாமல் போயிற்று. குறை அவருடையதன்று; அவருக்குக் கற்பித்த முறையினுடையது.

இலத்தீன் காலத்துப் பாட்டிமார்

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். திருப்பலி இலத்தீனில் நடந்த காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கூடக் குருவுக்கு இலத்தீனில் பதில் சொல்வார்கள். இராகத்தோடு பாடுவார்கள், ஓர் எழுத்துக்கூடப் பிசகாது. அதன் பொருள் என்ன என்று கேட்டால் மட்டும் சிரித்துக்கொண்டு, "அதெல்லாம் சாமியாருக்குத்தான் தெரியும்" என்பார்கள். அவர்களுடைய பக்தியில் குறைவில்லை. ஆனால் பொருள் தெரியாமல் சொன்ன மறுமொழியால் அவர்கள் ஒருவரும் இலத்தீன் கற்றுவிடவில்லை. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு தாய்மொழிக்கு வாயிலைத் திறந்தது. தமிழில் திருப்பலி கேட்டபோதுதான் தாம் இத்தனை காலம் என்ன சொல்லிவந்தோம் என்பது பாட்டிமாருக்கு விளங்கியது.

புரிந்த மொழியில் வழிபட வேண்டும் என்று ஏற்றுக்கொண்ட நாம், புரிந்த மொழியில் பிள்ளை படிக்க வேண்டும் என்பதை ஏன் ஏற்கத் தயங்குகிறோம்? பிள்ளைக்குக் கற்பிக்கும் மொழி தாய்மொழியாக இருப்பதே சிறந்தது என்று யுனெஸ்கோ நிறுவனமும் 1953-இல் வெளியிட்ட அறிக்கையில் உலகத்துக்குச் சொன்னது.

நாம் செய்த தவறு

இதையெல்லாம் உபதேசமாகச் சொல்ல நமக்குத் தகுதி குறைவு. காரணம், நீங்கள் கேட்கும் இதே காரியத்தை வேறொரு பங்கில் தாளாளராக இருந்தபோது நாமே செய்தோம்.

அங்கும் இப்படியே விண்ணப்பம் வந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளியின் மஞ்சள் வண்டி நம் பங்கின் தெருக்களுக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிப் போனது. சேர்க்கை குறைந்துவிடுமோ என்ற அச்சம் நமக்கு. ஆறாம் வகுப்பை முழுதும் ஆங்கில வழியாக்கினோம். பெயர்ப் பலகையை மாற்றிய நாளில் மாலையும் மரியாதையும் கிடைத்தன.

அந்த வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். பெற்றோர் செங்கல் சூளையில் வேலை செய்பவர்கள். ஐந்தாம் வகுப்பில் தமிழ் வழியில் படித்தபோது பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சியில் ஆவியாதலைப் பற்றி நம்மிடம் விளக்கிய பிள்ளை அவள். சூளையில் பச்சைக் கல் எப்படிக் காய்கிறது, மழைக்காலத்தில் ஏன் காய மறுக்கிறது, காற்றடித்தால் ஏன் விரைவில் காய்கிறது என்று அவள் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. மறு ஆண்டு அரையாண்டுத் தேர்வுத் தாள்களைப் புரட்டியபோது அவளுடைய தாளும் கைக்கு வந்தது. 'எவாபரேஷன்' என்றால் என்ன என்ற கேள்விக்கு எதிரே வெற்றிடம். அடுத்த கேள்விக்கும் வெற்றிடம். தாளைத் திரும்பக் கட்டி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டோம்.

எட்டாம் வகுப்போடு அவள் நின்றுவிட்டாள். நூல் ஆலைக்குப் போவதாகச் சொன்னார்கள். நாம் வீடு தேடிப் போனபோது காலம் கடந்திருந்தது. "அவளுக்குப் படிப்பு ஏறல சாமி" என்றார் தாயார். படிப்பு ஏறியிருந்ததைக் கண்ணால் கண்டவர்கள் நாம். ஏறிய படிப்பைச் சொல்வதற்கு அவளிடமிருந்த மொழியை எடுத்துவிட்டவர்களும் நாமே. வீட்டில் சொல்லித்தர ஆளும், டியூஷனுக்குப் பணமும் உள்ள பிள்ளைகள் எப்படியோ கரையேறினார்கள். இரண்டும் இல்லாத பிள்ளைதான் வழியில் விழுந்தாள். அந்தப் பிள்ளையின் பொருட்டு இந்தப் பள்ளியில் அதே தவறை இன்னொரு முறை செய்ய நமக்கு மனச்சான்று இடம் தரவில்லை.

முன்னோர் காட்டிய வழி

பிறமொழியை எப்படிக் கற்பது என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஆசான்கள் இருக்கிறார்கள். போர்த்துக்கல் நாட்டிலிருந்து முத்துக்குளித்துறைக்கு வந்த அன்றீக்கு அடிகளார் தமிழைச் செவியால் கேட்டு, வாயால் பேசி, பிறகு இலக்கணமாக வகுத்துக் கற்றார். அவர் உருவாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம் கொண்ட அந்நூல், இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல் என்று போற்றப்படுகிறது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைத் தந்தார். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்படி தமிழ் எழுத்தைச் சீர்திருத்தினார். தம் தாய்மொழியின் இலக்கணத்தை நன்கறிந்தவர்கள் ஆதலால் இவர்களுக்கு இன்னொரு மொழியின் இலக்கணம் பிடிபட்டது.

யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913-இல் பிறந்த தனிநாயகம் அடிகளார் ஆங்கிலத்திலும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் வல்லவர். வடக்கன்குளத்தில் பள்ளிப் பணியில் இருந்த காலத்தில், தமிழில் தமக்குப் போதிய புலமை இல்லையே என்று உணர்ந்து தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். குருவானவரான பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். 1952-இல் தமிழ்ப் பண்பாட்டை உலகுக்குச் சொல்ல 'தமிழ் கல்ச்சர்' என்ற இதழை ஆங்கிலத்தில் தொடங்கினார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதற்கு அவரே முன்னின்றார். அவருக்கு ஆங்கிலம் தமிழின் எதிரியாக இருக்கவில்லை. ஆயினும் தமிழ் இல்லாத ஆங்கிலம் போதாது என்று முப்பது வயதை ஒட்டிய பருவத்தில் அவர் கண்டுகொண்டார். நம் பிள்ளைகள் அதைப் பத்து வயதில் அறிந்துகொள்ளட்டும்.

தமிழ் அறிந்த பிள்ளைக்கு ஆங்கிலம்

தமிழை நன்கு கற்ற பிள்ளைக்கு ஆங்கிலத்தை எப்படிச் சொல்லித்தரலாம் என்பதற்கு ஓரிரு எடுத்துக்காட்டுகள். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க. இது உங்கள் துறை.

'எனக்குப் பசிக்கிறது' என்று நாம் சொல்கிறோம். தமிழில் பசி நம்மிடம் வருகிறது. ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஹங்க்ரி'. அங்கே நான் பசித்தவனாக இருக்கிறேன். 'எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்' என்பது அங்கே 'ஐ ஹாவ் டூ பிரதர்ஸ்'. 'மழை பெய்கிறது' என்பதற்கு அங்கே மழை எழுவாயாக வரவே வேண்டாம். 'இட் ஈஸ் ரெய்னிங்'. 'வந்தேன்' என்ற ஒரே சொல்லில் வந்தது யார் என்பதைத் தமிழ் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஐ' என்று தனியே சொல்லியாக வேண்டும். 'வீட்டில்' என்னும்போது நம் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது; ஆங்கிலத்தில் 'இன்' என்ற சொல் பெயருக்கு முன்னால் போய் நிற்கிறது. நம் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். அவர்களுடையது நடுவில் வரும்.

எழுவாய், பயனிலை, வேற்றுமை என்பவற்றைத் தமிழ் வகுப்பில் தெளிவாகக் கற்ற பிள்ளைக்கு இவ்வளவையும் ஒரு வாரத்தில் விளக்கிவிடலாம். தமிழ் இலக்கணம் அறியாத பிள்ளைக்கு இரண்டு மொழியும் தனித்தனிப் பாரமாகி விடுகின்றன. ஆகவே நல்ல தமிழாசிரியர் ஆங்கிலத்துக்கும் பாதி ஆசிரியர் என்பது நம் கருத்து.

பள்ளி செய்யப் போவது

இனி நம் முடிவைச் சொல்கிறோம். ஆறாம் வகுப்புத் தமிழ் வழிப் பிரிவு மூடப்படாது. இரு பிரிவுகளும் தொடரும். ஆங்கில வழியில் இப்போது படிக்கும் பிள்ளைகளை மாற்றுங்கள் என்றும் நாம் சொல்லவில்லை; நடுவழியில் மாற்றுவது அவர்களுக்கும் துன்பமே.

இதில் நிர்வாகத்தின் கணக்கும் உண்டு, மறைப்பதற்கில்லை. தமிழ் வழிப் பிரிவு அரசு உதவி பெறுவது. ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது. பிள்ளைகளிடம் கட்டணம் இல்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் இடம் உபரி என்று கணக்கிடப்பட்டுப் பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போகும். போன இடம் திரும்புவது அரிது. ஆங்கில வழிப் பிரிவோ சுயநிதிப் பிரிவு. ஊதியத்தை நாமே திரட்ட வேண்டும். திரட்டுவது உங்கள் கட்டணத்திலிருந்து. தமிழ் வழியை மூடினால், கட்டணம் செலுத்த முடியாத குடும்பத்துக்கு இந்தப் பங்கின் பள்ளியில் இடமில்லை என்று சொன்னதாகிவிடும்.

தமிழ் வழியில் படித்தோருக்கு உரிய சலுகைகளும் பலருக்குத் தெரியவில்லை. அரசுப் பணி நியமனங்களில் தமிழ் வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்று பின்னர் திருத்தப்பட்டது. 2024-இல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவர்க்கும் மாணவியர்க்கும் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் அறிவிப்பு வந்தது. விதிகள் காலத்துக்குக் காலம் மாறக்கூடும். பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன் பள்ளி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால், தமிழ் வழியைக் காப்பாற்றிவிட்டு ஆங்கிலத்தைக் கைவிட்டால் அந்தத் தாய்க்கு நாம் என்ன பதில் சொல்வது? ஆகவே தலைமையாசிரியரோடும் ஆசிரியர்களோடும் கலந்து நான்கு காரியங்களை முடிவு செய்திருக்கிறோம்.

ஒன்று: ஆறு முதல் ஒன்பது வரை இரு பிரிவுகளிலும் மதிய உணவுக்கு முன் இருபது நிமிடம் ஆங்கிலப் பேச்சு வகுப்பு. புத்தகம் இல்லை, மதிப்பெண் இல்லை. சந்தைக்குப் போனது, ஆடு தொலைந்தது, தேர் இழுத்தது என்று பிள்ளை தன் வாழ்வையே பேச வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுத்துத் தேர்வு. 2019-20 கல்வியாண்டு முதல் அதில் மொழிப் பாடங்களுக்கு ஒரே தாள் என்றும் ஆயிற்று. தேர்வு கேட்காத பேச்சை நாம்தான் கேட்க வேண்டும். தவறாகப் பேசினால் யாரும் சிரிக்கக்கூடாது என்பது அந்த வகுப்பின் ஒரே சட்டம். 'சாவோஸ்' என்று வாசித்தவர் போட்ட சட்டம் அது.

இரண்டு: எட்டாம் வகுப்பு முதல் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சொல்லேடு வைத்திருக்கும். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். முடுக்கம் – ஆக்சிலரேஷன். ஒளிச்சேர்க்கை – போட்டோசிந்தசிஸ். செவ்வகம் – ரெக்டாங்கிள். தமிழ் வழிப் பிள்ளைகள் மேல்நிலையிலோ கல்லூரியிலோ ஆங்கில வழிக்குப் போகும்போது தடுமாறுவது பெரும்பாலும் இந்தச் சொற்களில்தான். பொருள் தெரிந்த பிள்ளைக்குப் புதுப் பெயர் ஒன்றைக் கற்பது பெரிய காரியமன்று. ஆங்கில வழிப் பிள்ளைகளும் அதே ஏட்டை எழுதுவார்கள். அவர்களுக்கு வேண்டியது இடப்பக்கம்.

மூன்று: தமிழ் வகுப்பில் மாதம் ஒரு பயன்பாட்டு எழுத்து. வட்டாட்சியருக்கு மனு, கிராம சபைக்கு ஒரு கோரிக்கை, வெளியூரில் இருக்கும் தாத்தாவுக்கு ஒரு கடிதம். அத்தோடு மாணவர்கள் முறை வைத்து ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிப்பார்கள். லகர ளகர ழகரமும், ரகர றகரமும் பீடத்தின் அருகில் நன்றாக ஒலிக்கட்டும்.

நான்கு: பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த பிள்ளைகளுக்கு மே மாதத்தில் ஒரு மாத ஆங்கில வகுப்பு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மூவரும் அருட்சகோதரிகளும் ஊதியமின்றி நடத்த முன்வந்திருக்கிறார்கள். எளிய ஆங்கிலக் கதை நூல்களும் தமிழ் நூல்களும் வாங்கப் பணம் வேண்டும். இவ்வாண்டுத் திருவிழாவில் வாணவேடிக்கைச் செலவைப் பாதியாகக் குறைத்து மீதியை நூலகத்துக்குத் தரப் பங்குப் பேரவை இசைந்திருக்கிறது. இளைஞர்கள் நம்மீது கொஞ்சம் கோபமாக இருப்பதை அறிவோம். அவர்களுடைய தம்பி தங்கையருக்காகப் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாலையில் பிள்ளையை அருகில் உட்கார வைத்து, "இன்று பள்ளியில் என்ன படித்தாய்? எனக்குச் சொல்" என்று கேளுங்கள். தமிழில் சொல்லட்டும். உங்களுக்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால் பிள்ளைக்குப் பாடம் விளங்கிவிட்டது என்று பொருள். விளங்கவில்லை என்றால் மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பேராசிரியர் குருமடத்தில் நமக்குச் செய்தது இதுதான். இதற்குப் பட்டம் எதுவும் வேண்டாம்.

அன்பர்களே, நம் முடிவு உங்களில் சிலருக்கு வருத்தம் தரலாம். மூன்று ஆண்டுகள் தவணை கொடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் பங்குத் திருவிழாவுக்கு முந்திய வாரத்தில் இதே இடத்தில் கூடுவோம். தமிழ் வழிப் பிள்ளைகள் மேடையேறி ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஆங்கில வழிப் பிள்ளைகள் தாம் எழுதிய தமிழ்க் கடிதங்களை வாசிப்பார்கள். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். நம் ஏற்பாடு பயன் தரவில்லை என்றால் உங்கள் விண்ணப்பத்தை மறுபடியும் எடுத்துப் பேசுவோம். அது கிழிக்கப்படாமல் கோப்பில் இருக்கிறது.

விண்ணப்பத்தோடு வந்த அந்தத் தாயும் இங்கே வந்திருக்கிறார் என்று அறிகிறோம். அம்மா, உங்கள் மகள் நாலு பேர் முன்னால் ஆங்கிலத்தில் வாயைத் திறந்து பேசுவாள். அதற்கு இந்தப் பள்ளி பொறுப்பு. தான் பேசுவது இன்னதென்று தமிழில் உங்களுக்கும் எடுத்துச் சொல்வாள். அதற்கும் இந்தப் பள்ளியே பொறுப்பு.

பொன்விழாக் காணும் இப்பங்கின் பிள்ளைகள் அனைவரையும் இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.